ஏழாவது வீட்டுச் சட்டி

கனுமா
ஜனவரி பதின்மூன்று

அன்புள்ள சுசுனாவுக்கு அம்மா எழுதுவது.

புத்தாண்டுக்குப் பிறகு பிடித்த இருமல் இன்னும் முழுதாக விடவில்லை, அதைத் தவிர நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஃபுகுவோகாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு தேறியிருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போன கடிதத்தில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்திருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், நான் அந்த வரியை மட்டும் நாலு முறை படித்தேன். இங்கே இந்த வருடம் பனி குறைவு, ஆனால் நிக்கோ மலையிலிருந்து இறங்குகிற காற்று காதை அறுக்கிறது, போன வாரம் குளியலறைக் குழாய் உறைந்து வெந்நீர் ஊற்றித்தான் திறக்க வேண்டியிருந்தது. நூலகத்தில் கூரை ஒழுகுகிறது, வரலாற்று அலமாரியை நகர்த்திவிட்டுப் பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறோம், படிக்க வருகிறவர்கள் அந்தச் சொட்டுச் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள். எதிர்வீட்டு அவானோ அத்தைக்கு முட்டி வலி அதிகம், ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் மஞ்சள் கம்பளிச் சட்டையை முழங்கையில் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், வெளியே போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தால் வீட்டுக்குள்ளாவது போட்டுக்கொள்.

நீ அனுப்பிய அச்சுப்படி எட்டாம் தேதியே கிடைத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே நாலு பக்கம் உன் பெயரில் வருகிறது என்றால் எந்த அம்மாவுக்குத்தான் சந்தோஷம் இருக்காது. அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய பதினைந்து பதார்த்தங்கள் என்று நீ பொறுக்கி எடுத்திருக்கும் பட்டியலே நன்றாக இருக்கிறது. ஃபுகுய் பக்கம் கானாங்கெளுத்தியைத் தவிட்டில் ஒரு வருடம் ஊறப்போட்டு வைப்பதைப் படித்தபோது எனக்கு வாயில் உப்பு ஊறியது. ஏரி மீனைச் சோற்றுக்குள் புதைத்துப் புளிக்கவிடுகிற பத்தியில் நாற்றம் என்ற சொல் மூன்று முறை வருகிறது, ஒன்று போதும், மற்றதைப் படிக்கிறவர்கள் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். இவாதேயில் மாவைக் கையால் பிய்த்துக் குழம்பில் போடுவதை எழுதியிருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் அழகு. இருபதாம் தேதிக்குள் பிழை பார்த்து அனுப்பு என்று கேட்டிருந்தாய். நான் பார்த்த பிழை முதல் பதார்த்தத்திலேயே இருக்கிறது, அது அச்சுக்கோர்த்தவர்களுடைய பிழை இல்லை, என்னுடையது. பதினைந்தில் முதலாவதாக, சால்மன் தலையும் முள்ளங்கித் துருவலும் சேர்ந்து வேகிற நம் தோச்சிகி ஷிமோட்சுகாரேவை வைத்து, அதன் தலைப்பிலேயே என் அம்மா மிசுஹோவின் கைப்பக்குவம் என்று போட்டிருக்கிறாய். காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு எதுவும் இறங்கவில்லை, அம்மா போன வருடம் குளிர்ப்பெட்டியில் அனுப்பி வைத்ததில் உறையவைத்து மிச்சம் இருந்த இரண்டு கரண்டியைச் சுடுசோற்றில் போட்டுச் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சுசுனா, அது நான் செய்ததில்லை. ஒரு வருடம்கூட நான் செய்ததில்லை. நீ ஆறு வயதிலிருந்து இந்த வீட்டில் சாப்பிட்ட ஷிமோட்சுகாரே எல்லாம் பக்கத்து வீட்டு யாகினுமா மாமா செய்தது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன், சாக்குச் சொல்வதற்காக அல்ல. உன் அப்பா சென்டாய்க்குப் போன பிறகு வந்த முதல் பிப்ரவரியில், இனாரி சாமிக்குப் படைக்கும் குதிரை நாள் அன்று ஆறு வீடும் வழக்கம்போல் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழு வீட்டு ஷிமோட்சுகாரே சாப்பிட்டால் அந்த வருடம் நோய் அண்டாது என்பதில் இந்தத் தெருவுக்கு இருக்கும் நம்பிக்கை உனக்கே தெரியும். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதும் தெரியும். அதற்கு முன்னெல்லாம் உன் அப்பாவின் அம்மா செய்வார், நான் முள்ளங்கி கழுவிக் கொடுத்ததோடு சரி, புத்தாண்டுக்கு வாங்கிய உப்பு சால்மனின் தலை பாத்திரத்திலிருந்து என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும், கிட்டே போகமாட்டேன். அவரும் மகனோடு போய்விட்ட அந்த வருடம் கிண்ணங்களைக் கழுவி உள்ளே ஆளுக்கு நாலு அரிசி பிஸ்கட் வைத்துக் கொடுத்தேன். அவானோ அத்தை கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, "என்ன சுசுனா அம்மா, சாமிக்கும் பிஸ்கட்டுதானா, நரி கோச்சுக்காதா?" என்று கேட்டார். இனாரி சாமியின் நரி கோபித்துக்கொண்டதோ இல்லையோ, நான் வீட்டுக்கு வந்து கதவை மூடிக்கொண்டேன். அடுத்த வருடம் யாகினுமா மாமா ஒரு நாள் முன்னதாகவே பின்வாசலில் ஒரு பெரிய சட்டியோடு வந்து நின்றார். "இந்த வருஷம் தலை ரொம்பப் பெருசா அமைஞ்சு போச்சு, ஒரு சட்டில அடங்கல, எடுத்துக்கிட்டா எனக்கு உபகாரமா இருக்கும்" என்றார். அவருக்கு அப்போது நாற்பது வயது, தனியாள். எனக்கு இருபத்தைந்து, புருஷன் விட்டுப் போனவள். அவர் வீட்டுச் சட்டி என் அடுப்படியில் இருக்கிறது என்று தெரிந்தால் தெரு என்ன பேசும் என்று நான் பயந்தேன். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, சட்டியிலிருந்ததை என் பாத்திரத்துக்கு மாற்றி, என் கிண்ணங்களில் எடுத்து, நான் செய்தது என்று ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன். அவானோ அத்தை கூடவே தட்டைப் பிடித்துக்கொண்டு வந்ததால் யாகினுமா மாமா வீட்டை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை, அவர் செய்ததையே அவரிடம் நீட்டினேன். அவர் வாசலிலேயே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த வீட்டு ருசியே தனிதான்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அன்று சாயங்காலம் நீ இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டாய், அம்மா நீ எப்போது செய்தாய் என்று கேட்டாய், நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது என்றேன். அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை அதையே சொல்லும்படி ஆயிற்று.

இதோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு வெட்கப்படமாட்டேன். உனக்குப் பதினொரு வயதானபோது பள்ளிக்கூடத்து மத்தியான உணவில் ஷிமோட்சுகாரே போட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் வாந்தி வாந்தி என்று கத்தினார்கள், நீ மட்டும் எங்கள் அம்மா செய்வது இப்படி இருக்காது என்று சண்டை போட்டுவிட்டு வந்தாய். அதே வாரம் குதிரை நாள் அன்று யாகினுமா மாமா ஏழு வீட்டுக் கணக்குக்காக முன்வாசல் வழியாகத் தன் கிண்ணத்தைக் கொண்டுவந்தார், சட்டி முந்தைய நாளே பின்வாசல் வழியாக வந்தாகிவிட்டது. நீதான் கதவைத் திறந்தாய். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களோடது நெஜமாவே வாந்தி மாதிரி இருக்கு, எங்க அம்மா செஞ்சதைச் சாப்பிட்டுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றாய். வாசலில் நின்றிருந்த அவானோ அத்தை, "கேட்டுக்கோடா யாகினுமா, காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பேச்சு உனக்கு வந்திருக்குமா?" என்று சிரித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது சரிதான், உங்க அம்மா கையில என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் அப்போது உனக்குப் பின்னால் கரண்டியோடு நின்றிருந்தேன், அந்தக் கரண்டியில் இருந்ததும் அந்தக் கிண்ணத்தில் இருந்ததும் ஒரே சட்டியில் வெந்தவை. நான் உன்னை அதட்டவில்லை. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் முன்வாசல் வழியாக வரவே இல்லை, நம்முடையதோடு ஆறு கிண்ணம்தான் சேர்ந்தது, நீ எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறதே என்றாய், நம்முடையதை இரண்டு கிண்ணமாக எடுத்தால் ஏழு என்று சொல்லி வாயடைத்தேன். பின்வாசலுக்குச் சட்டி மட்டும் ஒரு வருடமும் தவறாமல் வந்தது. போன வருடம் உனக்குப் பெட்டியில் அனுப்பியதும் அதுதான்.

உன் அச்சுப்படியில் அந்த நாள் இரண்டே வரியில் இருக்கிறது. எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்த ஒரு மாமா செய்ததைப் பார்த்தாலே பசி போய்விடும், இந்தப் பதார்த்தத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர்கள் அவரைப் போன்றவர்கள்தான் என்று எழுதியிருக்கிறாய். பத்துப் பிரதி அனுப்புகிறேன், நூலகத்திலும் இனாரி கோவிலில் கூடுகிறவர்களுக்கும் கொடு என்றும் கேட்டிருக்கிறாய். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, இந்தக் கடிதத்துக்கு முன்னால் இன்னொன்று எழுதினேன், பத்தி நீளமாக இருக்கிறது, அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டிவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்று, ஏதோ எழுத்துநடையைத் திருத்துகிறவள் போல. என் பெயரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தபால் தலைகூட ஒட்டிவிட்டேன். பிறகு அதைவிடக் கேவலமான ஒரு யோசனை வந்தது, இந்த வருடம் நானே ஒரு முறை செய்துவிட்டால் நீ எழுதியது பொய்யாகாது அல்லவா. சந்தையில் சால்மன் தலை வாங்கி, மூங்கில் பல் வைத்த துருவியும் வாங்கி, முள்ளங்கியும் கேரட்டும் துருவி, வறுத்த சோயாவும் அரிசி மது வடித்த மண்டியும் போட்டு ஞாயிறு காலையிலிருந்து வேகவிட்டேன். தலையை முதலில் வாட்ட வேண்டும் என்பது உன் கட்டுரையிலேயே இருக்கிறது, நான்தான் உனக்குச் சொன்னேன், ஆனால் அடுப்பின் முன்னால் நின்றபோது பயத்தில் அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டேன். பத்து மணிக்கெல்லாம் வீடு முழுக்கக் கெட்டுப்போன துறைமுகம் மாதிரி வீச ஆரம்பித்தது. அவானோ அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "என்ன கொடுமை இது சுசுனா அம்மா, தெருமுனை வரைக்கும் அடிக்குது. நாள்கூட இன்னும் வரல. யாகினுமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். அவருக்கு என்ன, எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். "இல்ல, இந்த வருஷம் நீயே எறங்கிட்டியேன்னு கேட்டேன்" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "மொத வருஷமே தெரியும். இந்தத் தெருவுல வேர்க்கடலை போடுறது அவங்க வீடு ஒண்ணுதான், அவங்க அம்மா காலத்துலேர்ந்து. நீ கொண்டாந்து நீட்டுனதைத் தின்னேன், கடலை பல்லுல மாட்டுச்சு" என்று சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார், "ரெண்டு வார்த்தை கேக்கணும்னுதான் கெளம்பினேன், அதுக்குள்ள அவனே வீடு வீடா வந்துட்டான். அந்தப் பொண்ணு அவ அம்மா கையால செஞ்சதா நெனச்சுக்கிட்டுத் திங்குது, அப்பா போன வீடு, விட்டுடுங்கன்னான். அவன் எங்ககிட்ட கேட்டதே அது ஒண்ணுதான். நாங்களும் வாயை மூடிக்கிட்டோம்." அப்படியானால் அன்று வாசலில் நீங்கள் சிரித்தது என்று நான் இழுத்தேன். "நான் சிரிக்கலைன்னா பொண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்கும்டி" என்றார். அவர் சிரிப்புக்கு அந்தக் காரணம் இருந்தது. என் சிரிப்புக்கு ஒன்றும் இல்லை. பதினான்கு வருடம் தெருவுக்கு ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தெருதான் என்னை ஒளித்து வைத்திருக்கிறது, தெரியாதவள் நீ ஒருத்திதான். நான் பயந்த வம்புப் பேச்சு ஒரு வீட்டிலும் எழவே இல்லை. அந்தச் சட்டியைக் கொல்லையில் கொட்டிப் புதைத்தேன், பூனைகூடக் கிட்டே வரவில்லை.

மறுநாள் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு யாகினுமா மாமாவின் கொட்டகைக்குப் போனேன். ஒரு உழவு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே முதலிலிருந்து படித்தார், நான் தரையில் கிடந்த திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வரியைத் தாண்டிவிட்டார் என்பது பக்கம் திரும்பிய சத்தத்தில்தான் தெரிந்தது. "பொண்ணு நல்லா எழுதுது" என்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் செய்முறையில் மட்டும் திருத்த ஆரம்பித்தார். தலையை வாட்டுவது நெருப்பில் இல்லை, தணலில். சோயாவைத் தோல் உரித்துப் போட வேண்டும், கடலையைத் தோலோடு. அம்மா பக்கத்திலேயே நின்று அன்போடு கிளறிக்கொண்டே இருப்பாள் என்று நீ எழுதியிருக்கும் இடத்தில் பென்சில் நின்றது. "கிளறவே கூடாது. கரண்டி போட்டா கூழாப் போயிடும், அப்பத்தான் வாந்தி மாதிரி ஆவும்" என்றார், ஒரு கணம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பற்றிய வரியை அடிக்கச் சொல்கிறேன் என்றேன். "உள்ளதுதானே, பாக்க நல்லாவா இருக்கு அது" என்றார். அவர் பெயரைப் போடலாமா என்றேன், பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். கடைசியில், "பொண்ணுகிட்ட சொல்லித்தான் ஆவணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவ்வளவு தூரத்துல தனியாக் கெடக்கு. காச்சல் வந்தா நெனச்சுக்க ஒண்ணு வேணாமா?" என்றார். அதற்கு ஒரு பதிலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேடினேன். உன்னிடமிருந்து நான் எதை எடுக்கிறேன் என்று தெரியாமல் இதை எழுதவில்லை, சுசுனா. ஆனால் நீ நினைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் இன்னொரு முறை, அதுவும் அச்சில், தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. அவர் பேச்சை மீறித்தான் சொல்லியிருக்கிறேன்.

சொல்ல ஆரம்பித்த பிறகு அரைகுறையாக நிறுத்துவானேன். பதினோராவதாக ஈனா பள்ளத்தாக்கின் ஆற்றுப்பூச்சியை வைத்திருக்கிறாய், அம்மா பிறந்த ஊர்ப் பக்கம்தான், ஆனால் அம்மா வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். நான்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். உன் தாத்தா பூச்சி பிடிக்கும் உரிமச்சீட்டைத் தொப்பியில் குத்திக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தென்ரியூ ஆற்றில் இடுப்பளவு ரப்பர் காலணியோடு நின்று கல்லைப் புரட்டிப் பிடித்ததுதான் அது, சோயாவும் சர்க்கரையும் போட்டுச் சுண்டவைத்தால் நான் ஒருத்தியே ஒரு கிண்ணம் தின்பேன். கல்யாணமாகி வந்தபோது ஒரு புட்டி கொண்டுவந்தேன். உன் அப்பாவின் அம்மா அதை விருந்தாளிகள் முன்னால் தூக்கிக் காட்டி, "எங்க மருமக ஊர்ல புழு திம்பாங்களாம்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நான் உடனே, எங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பியது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் தம்பி வருடா வருடம் அனுப்பும் புட்டியை நீ பள்ளிக்கூடம் போன பிறகு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே தின்று தீர்த்திருக்கிறேன். இந்த வருடப் புட்டி போன வாரம் வந்தது. இந்தக் குதிரை நாளில் ஆறு வீட்டுக் கிண்ணமும் அதோடுதான் திரும்பிப் போகும், ஆளுக்கு ஒரு கரண்டி, அவானோ அத்தை என்ன சொல்வாரோ, சொல்லட்டும். யாகினுமா மாமாவிடம் சட்டி வேண்டாம், கிண்ணம் போதும், முன்வாசல் வழியாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "முன்வாசலா? அப்ப நல்ல செருப்பாப் போடணுமே" என்றார்.

அவர் பென்சிலால் திருத்திய அச்சுப்படியை அப்படியே இத்துடன் வைத்து அனுப்புகிறேன், அழித்து எழுதவில்லை. முதல் பதார்த்தத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பது உன் வேலை, நான் சொல்லித்தரும் தகுதியில் இல்லை. பதினோராவதில் மட்டும் ஒரு வரி மாற்று: அம்மா சாப்பிடுவாள்.

கோபம் வந்தால் வந்தபடியே எழுது, நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்காதே. எழுதப் பிடிக்கவில்லை என்றால் காய்ச்சல் விட்டதா என்று மட்டும் ஓர் அஞ்சலட்டையில் தெரிவி. உடம்புக்கு ஒன்றும் வராமல், தொட்ட வேலை துலங்கி, உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களாகவே அமைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இருபதாம் தேதியை மறந்துவிடாதே, அச்சேறிய பிறகு நம் இருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாமாவுக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே, அவர் வாசலுக்கே நேராக அனுப்பு, நம் வீட்டு எண்ணுக்கு அடுத்த எண்.

உன் அம்மா
மிசுஹோ